மொட்டை மாடி மெயில்

"கையில இருக்கற போண்டாவைக் கீழ வை மணி" என்றார் தமிழரசி மேடம். "அவங்க புருஷன் போய் ஒரு வாரம்கூட ஆகலை."

வைத்தேன். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் ஆபீஸ். கீழே கொட்டை வறுக்கிற வாசனை வந்தாலே எனக்குப் பசிக்கும், அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்னேகாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் போண்டா கசந்துவிட்டது. முப்பது வயதுப் பெண். அழுது முடித்துவிட்டு, இனி அழ ஒன்றுமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். பெஹாலாவில் அவர்கள் வீடு. ஒரு மத்தியானம் அவள் கணவன் ரஞ்சன் மொட்டை மாடியிலிருந்து பின்பக்கச் சந்தில் விழுந்து செத்துப் போனான். அதே மத்தியானம் அவன் பெயரில் ஒரு மெயில் சொந்தக்காரர்களுக்கும், ஆபீஸுக்கும், இங்கே தானா என்று சொல்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள். என் உயிரை நானே முடித்துக்கொள்கிறேன். இதற்கு என் மனைவி ஸ்னேகா ஒருத்திதான் காரணம். என் குழந்தை என் அம்மாவிடமே வளர வேண்டும்.

"இன்னிக்கு சாயங்காலம் தானாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் ஸ்னேகா. "போனா திரும்ப விடமாட்டாங்கன்னு வக்கீல் சொல்றார். தற்கொலைக்குத் தூண்டினேனாம். என் பொண்ணு சைதன்யாவுக்கு நாலு வயசு மேடம். இப்பவே அத்தைகிட்டதான் இருக்கா. எனக்கு அவளைக் காட்டவே மாட்டேங்கறாங்க."

"உங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டை போடாத வீடு எது மேடம்? ஆனா அந்த வாரம் நாங்க சந்தோஷமா இருந்தோம். அவருக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சிருந்தது. பூஜைப் பண்டிகை முடிஞ்சதும் மூணு பேரும் கிளம்பறதா இருந்தோம்."

"அன்னிக்கு வீட்ல யார் இருந்தது?"

"நான் சாமான் வாங்க இதே மார்க்கெட்டுக்குத்தான் வந்திருந்தேன். அத்தை கீழ படுத்திருந்தாங்க. மாடிக் கைப்பிடிச் சுவரை இடிச்சுப் போட்டிருந்தோம். திரும்பக் கட்டவேண்டிய மிஸ்திரி பூஜைப் பந்தல் வேலைக்கு ஓடிட்டான்." குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் ஒண்ணு சொன்னார். விழுந்த உடனே அவர் போகலையாம். ரொம்ப நேரம் உயிரோட கிடந்திருக்கார். யாராவது பார்த்து உடனே தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாராம். இதை அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு தானால கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அவங்களால தாங்க முடியாது."

ஜெயிலுக்குப் போகப் போகிறவள் மாமியாரின் மனசைப் பற்றிக் கவலைப்படுகிறாள். மேடம் எழுந்து குடையை எடுத்தார்.

"வா மணி. செத்தவன் அனுப்பின மெயிலைப் பார்த்துட்டு வருவோம்."

"போஸ்ட்மேன்கிட்ட விசாரிக்க முடியாத காலமாப் போச்சே மேடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ரஞ்சன் வேலை பார்த்தது காளிகாட்டில் ஒரு குறுகிய சந்தில், சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில். ஆபீஸின் மெயில் சர்வர் முழுக்க அவன் பொறுப்பு. அவனோடு வேலை பார்த்த மது எங்களை உள்ளே அழைத்துப் போனாள். தமிழ்ப் பெண்தான், ஆனால் பெங்காலியில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். அக்கா என்பதற்கு தீதி, ரஞ்சன் அண்ணா என்பதற்கு ரஞ்சன்தா.

"போலீஸ் சொல்றது சரிதான் தீதி" என்றாள். "மெயில் வெளியில இருந்து வரலை. ரஞ்சன்தா வீட்ல வேலை பார்க்கற கம்ப்யூட்டர்ல இருந்து, அவர் லாகின்ல, நம்ம சர்வருக்குள்ள போய், கமாண்ட் லைன்ல நேரா அடிச்சு அனுப்பினது."

"கமாண்ட் லைன்னா என்னம்மா?"

தெரியாததைக் கேட்க மேடத்துக்கு வெட்கமே கிடையாது. அதற்கும் சேர்த்து நான்தான் வெட்கப்படுவேன். மது பொறுமையாக ஒரு கறுப்புத் திரையைத் திறந்து காட்டினாள். படம் கிடையாது, பட்டன் கிடையாது. வெறும் எழுத்து.

"போன்ல மெயில் அனுப்பினா ஃப்ரம், டூ எல்லாம் போனே போட்டுக்கும். இங்க எல்லாம் நாமதான் கையால அடிக்கணும். முதல் வரியில ஃப்ரம், அடுத்த வரியில டூ, அப்புறம் சப்ஜெக்ட். ஒரு வரியைக் காலியா விட்டு, அதுக்குக் கீழ விஷயம். கடைசியில ஒரு வரியில தனியா ஒரு புள்ளி வெச்சுத் தட்டினா போயிடும்."

"ரஞ்சன் இப்படித்தான் அனுப்புவானா?"

"அதான் தீதி எனக்குப் புரியலை. ரஞ்சன்தா ஒரே ஒரு வரி கமாண்ட்ல முடிச்சிடுவார். இப்படி வரி வரியா உட்கார்ந்து அடிக்கறது பழைய காலத்து ஆட்கள் பண்றது. தானால சொன்னேன். சாகப் போறவன் ஸ்டைலா பார்ப்பான்னு கேட்டாங்க."

"அந்த மெயிலை முழுசாக் காட்டு. உள்ளுக்குள்ள இருக்கற கச்சடா எல்லாம் சேர்த்து."

மது அச்செடுத்துக் கொடுத்தாள். மேலே புரியாத வரிகள் நிறைய. அதற்குக் கீழே ஃப்ரம், டூ, சப்ஜெக்ட். ஆனால் ஃப்ரம் என்பதற்கு மேலே இன்னொரு வரி தனியாக நின்றது. ஆங்கில எழுத்தில் ஸ்ரீ என்று அடித்து, பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"யார் இந்த ஸ்ரீ?" என்றேன். "ஆள் பேரைப் போட மறந்துட்டாங்களா?"

"ஏதாவது சாஃப்ட்வேர் போட்ட குப்பையா இருக்கும்" என்றாள் மது. "அந்த இடத்துல ஒரு வார்த்தை அடிச்சு இந்த மாதிரி ரெண்டு புள்ளி வெச்சா, ஃப்ரம், டூ மாதிரி அதுவும் ஒரு தலைவரின்னு சர்வர் எடுத்துக்கும். படிக்கறவங்க கண்ணுக்குக் காட்டாது. உள்ளேயே பத்திரமா வெச்சிருக்கும்."

"எங்கே, அந்த இடத்துல போண்டான்னு அடிச்சு மணிக்கு அனுப்பு."

மது அடித்தாள். என் போன் கிணுகிணுத்தது. மெயில் வந்திருந்தது, போண்டாவைக் காணோம். மது ஏதோ ஒரு மூலையைத் தட்டி மெயிலின் உள்பக்கத்தைத் திறந்தாள். அங்கே என் போண்டா சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மேடம் அந்த அச்சுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மது, ரஞ்சன் தமிழ் எழுதுவானா?"

"ஐயோ, எங்க ரெண்டு பேருக்கும் பேச மட்டும்தான் வரும் தீதி. ஸ்கூல்ல பெங்காலிதானே படிச்சோம். அவர் பேனா பிடிச்சு நான் பார்த்ததே இல்லை."

மேடம் என் பக்கம் திரும்பினார். "மணி, வைஷ்ணவ வீட்டுப் பெரியவங்க கடுதாசி எழுதினா முதல்ல என்ன போடுவாங்க?"

எனக்கு மண்டையில் அப்போதுதான் உறைத்தது. கரக்பூர் ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். கடுதாசியோ, மளிகைச் சீட்டோ, குழந்தையின் லீவு லெட்டரோ, எதுவானாலும் சரி. காகிதத்தின் தலையில் ஸ்ரீ என்று போட்டு, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்த பிறகுதான் அடுத்த எழுத்தே வரும். கை தானாகப் போடும், மனசைக் கேட்காது. பழக்க தோஷத்தில் யாரோ கறுப்புத் திரையிலும் அதையே செய்திருக்கிறார்கள். சர்வர் அதை அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டது. அடித்தவருக்கும் அது தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது.

"ரஞ்சன் எழுதலை" என்றேன். "வேற யாரோ."

"மெதுவாப் பேசு."

மெதுவாகப் பேசுகிற சுபாவம் எனக்கு ஏது? முதலாளி வெங்கடநாராயணனின் அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரில் பெருமாள் படம். மேஜை மேலே ஒரு குறிப்பு அட்டை, அதன் தலையில் கொட்டை எழுத்தில் ஸ்ரீ, பக்கத்தில் இரண்டு புள்ளி! ஓடி வந்து மேடத்தின் முழங்கையைப் பிடித்தேன்.

"ஆள் மாட்டிக்கிட்டான் மேடம்!"

ஆள் மாட்டிக்கொண்டுதான் வந்தார், கண்ணில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை. சுவரைத் தடவிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் நாமம்.

"ரஞ்சன் போன அன்னிக்கு எனக்குக் கண் ஆபரேஷன்" என்றார். "கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டா. கடைசியா அவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியலை. என் கையால வேலைக்கு எடுத்த பையன்."

என் கேஸ் புஸ்ஸென்று போயிற்று. ஆனால் மேடம் விடவில்லை. "நீங்க அந்தக் கறுப்புத் திரையில மெயில் அனுப்புவீங்களா சார்?"

"எனக்கு டைப்பே அடிக்க வராதும்மா. அந்த நாள்லேர்ந்து நான் சொல்லச் சொல்ல அனந்தலக்ஷ்மிதான் அடிப்பா. இந்த ஆபீஸுக்கு மொதல்ல மெயில் வந்தப்போ, நாங்கள்லாம் அந்த மிஷினைத் தொடவே பயந்தோம். அவதான் அது முன்னாடி உக்காந்துண்டு சிங்கப்பூர், ஹாம்பர்க்னு அனுப்பிண்டிருந்தா. ரிடையர் ஆனதும் தன் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தா."

"யாரோட பிள்ளை?" என்றேன், மடையன் மாதிரி.

"ரஞ்சன்தான்ப்பா. அவ ரஞ்சனோட அம்மா."

டாக்சி பிடித்துப் பெஹாலாவுக்குக் கிளம்பினோம். தெருவுக்குத் தெரு மூங்கில் நட்டுப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதை வெச்சு தானாவுல நிரூபிக்க முடியாது மணி" என்றார் மேடம். "ரெண்டு புள்ளியைக் காட்டினா சிரிப்பாங்க. அந்தம்மா வாயாலயே சொன்னாத்தான் உண்டு. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

அனந்தலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தார். கசங்கின புடவை, உலர்ந்த உதடு. உள் அறையில் சைதன்யா ஒரு துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்து மூலையில் ரஞ்சனின் மேஜை, அதன் மேலே துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர்.

"தானாவுலேர்ந்தா வரேள்?" என்றார்.

"இல்லை மாமி. நாங்க இந்தக் கேஸை விசாரிக்கறோம். குழந்தை உங்ககிட்டதான் இருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

"வேற எங்க இருக்கும்? அவனே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கானே."

"அப்ப அதை உங்க கையாலயும் எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க."

மாமி ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. காகிதம் எடுத்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பேனா காகிதத்தின் தலைக்குப் போயிற்று. ஸ்ரீ. இரண்டு புள்ளி. அடுத்த வரிக்கு இறங்கியது.

மேடம் அச்சுக் காகிதத்தை மெல்ல அதன் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"இது ரஞ்சன் பேர்ல போன மெயில் மாமி. படிச்சவங்க யாருக்கும் இந்த வரி தெரியலை. மெயில் உள்ளயே வெச்சிருந்தது."

மாமி பார்த்தார்.

"எல்லா வைஷ்ணவாளும் போடறதுதான்" என்றார். "வெங்கடநாராயணன் போடுவார்."

"அவர் கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியில இருந்தார்."

"அப்போ ரஞ்சனே போட்டிருப்பான்."

"ரஞ்சனுக்கு அந்தப் பழக்கம் இருந்ததா மாமி?" மேடத்தின் குரலில் கோபமே இல்லை. "இருந்ததுன்னு நீங்க சொன்னாப் போதும். நாங்க எழுந்து போயிடறோம். ஸ்னேகா இன்னிக்கு சாயங்காலம் உள்ள போயிடுவா. கேஸ் முடிஞ்சுடும்."

உள்ளே குழந்தை புரண்டு எழுந்து உட்கார்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மா கோத்தாய்?" என்றது. அம்மா எங்கே என்று பெங்காலியில். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குரல். பதில் வராது என்று தெரிந்தே கேட்டதுபோல் மறுபடி பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

பேனாவை மாமி கீழே வைத்தார்.

"நான் தள்ளலை" என்றார். "பெருமாள் சத்தியமா நான் தள்ளலை. மாடியில துணி உலர்த்திண்டிருந்தேன். வந்து சொன்னான், பூஜை முடிஞ்சு கிளம்பறோம், டிக்கெட் வாங்கியாச்சுன்னு. குழந்தையை விட்டுட்டுப் போன்னேன். சிரிச்சான். கையைப் பிடிச்சேன். உதறினான். மறுபடி பிடிச்சேன், விடும்மான்னான். விட்டுட்டேன்." தன் உள்ளங்கையையே பார்த்தார். "விட்ட வேகத்துல பின்னாடி போனான். அங்க சுவர் இல்லை."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"ரஞ்சா, ரஞ்சான்னு கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தேன். அசையலை. எப்படிக் கீழ வந்தேன்னு தெரியாது. அவனோட மிஷின் திறந்திருந்தது, அந்தக் கறுப்புத் திரை. நான் உக்காந்து உக்காந்து பழகின திரை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணித்து. அவன் போயிட்டான், இனிமே அவ குழந்தையைத் தூக்கிண்டு போயிடுவா. எனக்குன்னு யாரு இருப்பா?"

"அதுக்காக ஒரு பொண்ணை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?" என்று கத்திவிட்டேன். மேடம் என்னைத் தடுக்கவில்லை.

"ஆமாம்" என்றார் மாமி. "அனுப்பத்தான் பார்த்தேன். விரல் தானா அடிச்சுது. புள்ளி வெச்சுத் தட்டினப்புறம்தான் என்ன பண்ணினேன்னு உறைச்சுது. திரும்ப எடுக்க முடியாதே."

மேடம் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இப்ப சொன்னதை எழுதிக் கொடுங்க மாமி. ஸ்னேகா அங்க போறதுக்கு முன்னாடி இது போகணும்."

மாமி பேனாவை எடுத்தார். அது வழக்கம்போலக் காகிதத்தின் தலைக்குப் போயிற்று. தொடப் போய் நின்றது.

"போடுங்க மாமி" என்றார் மேடம்.

"வேண்டாம். இதுக்குப் பெருமாளைக் கூப்பிட மாட்டேன்."

காகிதத்தின் தலையை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தார். நான் வாசலுக்கு வந்து ஸ்னேகாவுக்குப் போன் போட்டேன். நீங்க தானாவுக்குப் போக வேண்டாம், நேரா வீட்டுக்கு வாங்க, பாப்பா உங்களைக் கேக்கறா என்றேன். "அத்தை விடுவாங்களா?" என்றாள். விடுவாங்க என்றேன். வேறென்ன சொல்வேன்?

நான் திரும்பி உள்ளே வந்தபோது மாமி எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். மேடம் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். மணி மணியான எழுத்து. ஒரு இடத்தில் என் கண் நின்றுவிட்டது. 'விழுந்த அந்த நிமிஷமே என் பிள்ளையின் உயிர் போய்விட்டது.'

மாமி என் முகத்தைப் பார்த்தார். "ஏன் அப்படிப் பார்க்கறே? எழுதினதுல ஏதாவது தப்பா? அவன் உடனே போயிட்டான் இல்லையா? கஷ்டப்படலையே? தானாவுல யாரும் வேற மாதிரி சொல்லலையே?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னதை அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று கெஞ்சின பெண், மகளைப் பார்க்க இந்நேரம் ஆட்டோவில் ஏறியிருப்பாள்.

"இல்லை மாமி" என்றேன். "யாரும் சொல்லலை."